ஒரு நாட்டோட தண்ணிக் கணக்க பயிர வச்சும் கப்பல வச்சும் போடுறது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

தண்ணிய எப்படி மிச்சம் பண்றதுன்னு கேட்டா நம்மாளுங்க எல்லாரும் ஏரி தூர் வாரணும், மழைநீர் தொட்டி கட்டணும், பல்லு விளக்கும்போது குழாய மூடணும்னு சொல்லுவோம். மூடுங்க, நல்லதுதான். ஆனா இந்தியா ஆத்துலேருந்தும் நிலத்தடியிலேருந்தும் எடுக்குற மொத்தத் தண்ணில 80லேருந்து 90 சதவீதம் வயலுக்குத்தான் போகுது, உலக அளவுல பாத்தாலும் சுமார் 70 சதவீதம். அப்போ ஒரு நாட்டோட தண்ணி எங்க போகுதுன்னு தெரியணும்னா குழாயப் பாத்துப் பிரயோஜனம் இல்ல, அந்த நாடு என்ன பயிர் பண்ணுது, எதக் கப்பல்ல ஏத்துது, எதக் கப்பல்லேருந்து இறக்குதுன்னு பாக்கணும்.

இந்தக் கணக்க யாரு வேணா போடலாம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்க, ஊர்ல நிலம் வச்சிருந்து சிட்டில வேலை பாக்குறவங்க, "அரிசி ஏற்றுமதிக்குத் தடை"னு நியூஸ் வந்தா நமக்கு என்னன்னு யோசிக்கிறவங்க, இவங்கள மனசுல வச்சுதான் எழுதுறேன். போன்ல இருக்குற கால்குலேட்டர் போதும். இந்தியா அரிசிய மெயின் உதாரணமா எடுத்துக்கலாம், நடுவுல சவூதியும் எகிப்தும் வரும்.

ஸ்டெப் 1: அளவுகள ஒரே இடத்துக்குக் கொண்டு வாங்க

இதுலதான் பாதிப் பேர் விட்டுட்டுப் போயிடுவாங்க, ஏன்னா ஒரு ரிப்போர்ட்ல லிட்டர், இன்னொண்ணுல கன மீட்டர், நம்ம பேப்பர்ல டி.எம்.சி, டெல்லிக்காரங்க ரிப்போர்ட்ல பி.சி.எம். நாலே நாலு விஷயம் ஞாபகம் வச்சா போதும். ஒரு கன மீட்டர்னா 1,000 லிட்டர். ஒரு பி.சி.எம்னா 100 கோடி கன மீட்டர். ஒரு டி.எம்.சினா 2,831 கோடி லிட்டர், அதாவது ஒரு பி.சி.எம்முக்கு சுமார் 35.3 டி.எம்.சி. நாலாவது ரொம்ப வசதியானது: "கிலோவுக்கு 2,500 லிட்டர்"னு சொன்னாலும் "டன்னுக்கு 2,500 கன மீட்டர்"னு சொன்னாலும் ஒண்ணுதான், நம்பர் மாறாது.

மனசுல ஒரு சைஸ் நிக்கணும்னா மேட்டூர் ஃபுல்லா இருந்தா 93.47 டி.எம்.சி. காவிரில தமிழ்நாட்டுக்கு 2018ல சுப்ரீம் கோர்ட் குடுத்த வருஷப் பங்கு 177.25 டி.எம்.சி.

ஸ்டெப் 2: ஒவ்வொரு சரக்குக்கும் எவ்வளவு தண்ணின்னு ஒரு லிஸ்ட் எடுங்க

ஒரு பொருள விளைவிக்க செலவான தண்ணிய மறைநீர்னு சொல்றாங்க. லண்டன்ல இருந்த பேராசிரியர் டோனி ஆலன் 1990கள் ஆரம்பத்துல இத எடுத்து வச்சார். அவர் கேட்ட கேள்வி சிம்பிள்: மத்திய கிழக்கு நாடுகள்ல மக்கள் தொகைக்கு ஏத்த தண்ணியே கெடையாது, ஆனாலும் எல்லாரும் எதிர்பாத்த மாதிரி தண்ணிக்காக பெரிய சண்டை வரல, ஏன்? தண்ணிதான் கோதுமையா கப்பல்ல வந்து இறங்கிட்டு இருக்கே. இதுக்காக 2008ல அவருக்கு ஸ்டாக்ஹோம் நீர் விருது குடுத்தாங்க. அந்த விருதுக்கு முன்னாடியே, 2002ல, நெதர்லாந்துக்காரர் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா இத நீர்த்தடம்னு கணக்கு போடுற முறையா ஆக்கினார், அவங்க டீம் போட்ட நம்பர்தான் இன்னைக்கும் எல்லாரும் எடுக்குறது, வாட்டர் ஃபுட்பிரின்ட் நெட்வொர்க் சைட்ல ஃப்ரீயா கெடைக்கும்.

உலக சராசரி, கிலோவுக்கு லிட்டர், ரவுண்டா: மக்காச்சோளம் 1,200, கோதுமை 1,800, அரிசி 2,500 (நெல்லா கணக்கு போட்டா 1,670, அரைச்சா மூணுல ஒரு பங்கு தவிடு உமின்னு போயிடுதுல்ல), உருளைக்கிழங்கு 290, கரும்பு 200, பால் 1,000, பருப்பு வகைகள் சராசரியா 4,000, மாட்டிறைச்சி 15,400.

லிஸ்ட்டப் பாத்த உடனே ரெண்டு இடத்துல புதுசா வர்றவங்க தடுக்கி விழுவாங்க. ஒண்ணு கரும்பு. 200 லிட்டர்தானா, அப்போ கரும்பு நல்ல பிள்ளையாச்சேன்னு தோணும். ஆனா பத்து கிலோ கரும்ப ஆட்டினாதான் ஒரு கிலோ சக்கர, அப்போ சக்கர கிலோவுக்கு 1,800 பக்கம் வந்துடுது, அது போக பயிர் பத்துப் பன்னெண்டு மாசம் வயல்லயே நிக்கும், கோடை முழுக்க மோட்டார் ஓடணும். தமிழ்நாடு ஏக்கருக்கு இத்தன டன் கரும்புன்னு பாத்தா நாட்டுலயே முன்னாடி நிக்குது, பாய்ச்சின தண்ணிக்கு எவ்வளவு கரும்புன்னு கேட்டா பீகாரும் உத்தரப் பிரதேசமும் நம்மளத் தாண்டிப் போயிடும், அங்க மழையும் ஈரமும் பாதி வேலையப் பாத்துக்குது.

ரெண்டாவது பருப்பு. எல்லாரும் பருப்பு கம்மித் தண்ணிப் பயிர்னு சொல்றாங்க, இங்க என்னடான்னா அரிசிய விட ஜாஸ்தி காட்டுது. ரெண்டும் உண்மைதான். ஏக்கருக்குப் பாத்தா துவரை, உளுந்து குடிக்கிறது கம்மி, ஆனா ஏக்கருக்கு விளையுறதும் கம்மி, அதனால கிலோவுக்கு வகுத்தா ஏறிடுது. புரோட்டீன வச்சு வகுத்துப் பாருங்க: ஒரு கிராம் புரோட்டீனுக்கு பருப்புல 19 லிட்டர், தானியத்துல 21, பால்ல 31, மாட்டிறைச்சில 112. எத வச்சு வகுக்கிறோம்கிறதுலயே ரிசல்ட் மாறும், அதனால யாராவது ஒரு நம்பரத் தூக்கிட்டு வந்து சண்டைக்கு நின்னா முதல்ல எதால வகுத்தீங்கன்னு கேளுங்க.

ஸ்டெப் 3: தண்ணிக்குக் கலர் பிரிங்க

எனக்குக் கேட்டா இதுதான் உயிர், மத்த ஸ்டெப்ப ஏனோதானோன்னு பண்ணினாலும் இத விட்டுடாதீங்க. மண்ணுல மழையா விழுந்து, அங்கயே ஈரமா இருந்து பயிர் உறிஞ்சுனது பச்சை நீர். ஆறு, அணை, ஏரி, போர்வெல்லேருந்து எடுத்துப் பாய்ச்சினது நீல நீர். உரம், மருந்து, சாயம்னு நாம கெடுத்து விட்டத மறுபடி சுத்தமான அளவுக்குக் கொண்டு வர எவ்வளவு தண்ணி கலக்கணுமோ அது சாம்பல் நீர்.

பச்சை நீர நாம வேற எங்கயும் தூக்கிட்டுப் போக முடியாது. மானாவாரி நெலத்துல பயிர் வைக்கலைன்னா அந்த ஈரத்த புல்லும் முள்ளும் குடிச்சிட்டுப் போகும். நீல நீர் அப்படியில்ல, அது வயலுக்குப் போகலைன்னா ஊருக்குக் குடிதண்ணியா போகும், ஆத்துல ஓடும், இல்ல நிலத்தடியிலயே இருக்கும். அதனால ஒரே 2,500 லிட்டர்னாலும் மழைல விளைஞ்ச அரிசியும் 300 அடி போர்வெல்ல விளைஞ்ச அரிசியும் ஒரே கணக்குல சேராது.

சாம்பல் நீருக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேணாம். திருப்பூர்லேருந்து பனியன், டி-ஷர்ட் கப்பல் ஏறுது, டாலர் வருது, சாயத் தண்ணி மட்டும் நொய்யல்லயே நின்னுடுச்சு. சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குன்னு கட்டினது, கொஞ்ச வருஷத்துலயே சாயக்கழிவு தேங்குற குட்டையாயிடுச்சு, அந்தத் தண்ணிய வயலுக்கு விட வேணாம்னு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போற நிலைமை. 2011 ஜனவரில மெட்ராஸ் ஹைகோர்ட் சாயப் பட்டறைகள மூடச் சொன்ன பிறகுதான் கழிவே வெளிய விடாத முறைக்கு எல்லாரும் சீரியஸா மாறினாங்க. சட்டை வாங்கின ஊர்க்காரங்களுக்கு இதுல ஒரு சொட்டு கூட தெரியாது. பருத்திக்கு பாய்ச்சின தண்ணி தனி, இது தனி.

ஸ்டெப் 4: இப்போ பெருக்குங்க, வெளிய போறத

ஏற்றுமதி எத்தன டன்னுன்னு அபீடா (மத்திய அரசோட விவசாயப் பொருள் ஏற்றுமதி அமைப்பு) சைட்லயும், உலக அளவுல எஃப்.ஏ.ஓ (ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு) டேட்டாலயும் இருக்கும். இந்தியா உலகத்துலயே பெரிய அரிசி ஏற்றுமதி நாடு, உலக சந்தைல சுமார் 40 சதவீதம் நம்மளோடது. 2022-23ல பாஸ்மதி, மத்த அரிசி எல்லாம் சேத்து சுமார் 2.2 கோடி டன்.

2.2 கோடி டன் × 2,500 = 5,500 கோடி கன மீட்டர் = 55 பி.சி.எம். 35.3ஆல பெருக்கினா சுமார் 1,940 டி.எம்.சி. மேட்டூர் அணை 20 தடவைக்கு மேல ரொம்பி வழியுற தண்ணி, இல்ல காவிரில நம்ம பங்கு கிட்டத்தட்ட 11 வருஷத்துக்கு உண்டானது, ஒரே வருஷத்துல அரிசியா கப்பல் ஏறிடுச்சு.

இந்த லைன மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஃபார்வர்டு பண்ணிடாதீங்க ப்ளீஸ். இதுல பச்சையும் நீலமும் கலந்திருக்கு, சத்தீஸ்கர் மழையும் இருக்கு, ஹரியானா போர்வெல்லும் இருக்கு, அதோட 2,500ங்கிறது உலக சராசரி. முதல் எஸ்டிமேட்டுக்கு ஓகே, அரசியல் பேச பத்தாது.

ஸ்டெப் 5: உள்ள வர்றதையும் பெருக்குங்க

நிறைய பேர் ஏற்றுமதியோட நிறுத்திட்டு "ஐயோ தண்ணி போச்சே"ன்னு கத்துவாங்க. நம்ம வீட்டு இட்லி சாம்பார் தட்டயே எடுத்துக்கோங்க. உளுந்துல ஒரு பங்கு மியான்மர்லேருந்து வருது, துவரம்பருப்பு மொசாம்பிக்லேருந்தும் தான்சானியாலேருந்தும் மியான்மர்லேருந்தும் வருது, வடை சுடுற பாமாயில் இந்தோனேசியா இல்லன்னா மலேசியா, கடைக்காரர் கடலைமாவுல மஞ்சப் பட்டாணி மாவு கலந்தா அது கனடாவோ ரஷ்யாவோ. அரிசி மட்டும்தான் நம்ம ஊரு.

பருப்பு 2024-25ல 70 லட்சம் டன்னுக்கு மேல இறக்குமதி ஆச்சு. 70 லட்சம் × 4,000 = 28 பி.சி.எம். பாமாயில் 2023-24 சீசன்ல சுமார் 90 லட்சம் டன், கிலோவுக்கு 5,000 லிட்டர் பக்கம், 45 பி.சி.எம். ரெண்டும் சேத்தா 73. அதாவது அரிசியா வெளிய போனத விட பருப்பாவும் எண்ணெயாவும் உள்ள வந்தது அதிகம்! (பருத்தி, சக்கர, எருமை மாட்டிறைச்சி இதெல்லாம் வெளிய போறது தனி, அதையும் சேத்தாதான் முழுக் கணக்கு, நீங்க போட்டுப் பாருங்க.)

அப்போ நாம ஜெயிச்சுட்டோமா? இங்கதான் மூணாவது ஸ்டெப்புக்குத் திரும்பிப் போகணும். உள்ள வர்றதுல பெரும்பகுதி பச்சை நீர், சுமத்ராலயும் போர்னியோலயும் கொட்டுற மழை, ஆப்பிரிக்க மானாவாரி மண்ணு. வெளிய போறதுல ஒரு பெரிய பகுதி பம்ப் போட்டு இழுத்த நீல நீர். டோட்டல்ல லாபம் மாதிரி தெரியும், பஞ்சாப் நிலத்தடில நஷ்டம் நஷ்டமாவே இருக்கும். பாமாயில்ல தண்ணி மிச்சம்னு சொல்லிட்டு அங்க காடு அழியுறத கணக்குல சேக்காம விடுறதும் நியாயம் இல்ல, அது இந்த டேபிள்ல வராத இன்னொரு செலவு.

ஸ்டெப் 6: நாட்டோட நிறுத்தாதீங்க, மாநிலத்துக்குள்ள இறங்குங்க

இந்தியா ஒரே நாடு, ஆனா ஒரே மழை இல்ல. பஞ்சாப்ப எடுங்க. அங்க வீட்டுல ரொட்டிதான் சாப்பாடு, சோறு எப்பவாவது. ஆனா காரிஃப்னு சொல்ற மழைக்கால சீசன்ல கண்ணுக்கெட்டின வரைக்கும் நெல்லு. விளையுற நெல்லுல பெரும்பகுதிய அரசு வாங்கி, அரைச்சு, எஃப்.சி.ஐ (இந்திய உணவுக் கழகம்) ரயில்ல ஏத்தி நாடு முழுக்க ரேஷன் கடைக்கு அனுப்புது. பஞ்சாப்போட தண்ணி கப்பல்ல போறத விட சரக்கு ரயில்ல போறதுதான் ஜாஸ்தி.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோட கணக்குல பஞ்சாப்ல வருஷத்துக்கு எடுக்கத் தகுந்தது 100னா, எடுக்குறது 150க்கு மேல. ஒரு காலத்துல தரையிலயோ சின்னக் குழியிலயோ மோட்டார் வச்சு இழுத்தவங்க இப்போ ஆழமா போர் போட்டு சப்மெர்சிபிள் இறக்கி வச்சிருக்காங்க, ஒவ்வொரு சில வருஷத்துக்கும் இன்னும் ரெண்டு பைப் கூடுது. விவசாயத்துக்கான தேசிய வங்கி நபார்டுக்காக 2018ல வந்த ஒரு ஆய்வு இத அழகா புட்டு வச்சது: ஏக்கருக்கு நெல் விளைச்சல்ல பஞ்சாப்தான் டாப், ஆனா பாய்ச்சின ஒரு கன மீட்டர் தண்ணிக்கு அங்க கெடைக்கிறது 0.22 கிலோ, ஜார்க்கண்ட்ல 0.75 கிலோ. வகுத்துப் பாருங்க, பஞ்சாப்ல ஒரு கிலோவுக்கு 4,500 லிட்டர் பம்ப் ஆகுது, ஜார்க்கண்ட்ல 1,300 சொச்சம், மிச்சத்த அங்க வானம் குடுக்குது. (பாய்ச்சினதுல கொஞ்சம் திரும்ப மண்ணுக்குள்ள இறங்கும், அதனால இந்த 4,500ம் ஸ்டெப் 2ல இருக்குற 2,500ம் ஒரே அளவுகோல் இல்ல, ரெண்டையும் கூட்டிடாதீங்க.)

ஆக, மழை கம்மியான பஞ்சாப், ஹரியானாலேருந்து மழை ஜாஸ்தியா இருக்குற பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துக்கு மறைநீர் போயிட்டு இருக்கு. தலைகீழ். சீனாவும் இதே கூத்துதான், காஞ்சு போன வடக்குலேருந்து ஈரமான தெக்குக்கு தானியம் போகுது, அந்த வடக்குக்கு 2014 டிசம்பர்லேருந்து தெக்குலேருந்து கால்வாய் வெட்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தண்ணிய அனுப்பிட்டு இருக்காங்க.

ஏன் இப்படி நடக்குதுன்னா விவசாயி தண்ணியப் பாத்து பயிர் வைக்கிறது இல்ல, வைக்கவும் முடியாது. நெல்லு போட்டா அரசு வாங்கும், விலை முன்னாடியே தெரியும், மண்டி பக்கத்துலயே இருக்கு. மக்காச்சோளமோ துவரையோ போட்டா பேப்பர்ல ஆதார விலை இருக்கும், வாங்குறதுக்கு ஆள் இருக்காது. அவரக் குத்தம் சொல்லி என்ன ஆகப் போகுது?

இன்னொண்ணு, பாஸ்மதிதான் பஞ்சாப் தண்ணிய வெளிநாட்டுக்குக் கொண்டு போற வில்லன்னு ஒரு பேச்சு சுத்துது. பாஸ்மதி லேட்டா, மழை வந்த பிறகு ஜூலைல நடுறது, குறுகிய காலம்தான். பூசா 44ன்னு ஒரு ரகம் இருக்கு, கிட்டத்தட்ட 160 நாள் வயல்ல நிக்கும், சாதாரண அரிசி, ரேஷனுக்குப் போறது, தண்ணிய அதுதான் அதிகம் குடிச்சுது. 2024 சீசன்லேருந்து அத போடக் கூடாதுன்னு பஞ்சாப் அரசே சொல்லிடுச்சு, ஒரு மாசத்துக்கும் மேல முன்னாடியே அறுவடைக்கு வர்ற பி.ஆர் 126 போடுங்கன்னு தள்ளுறாங்க.

ஸ்டெப் 7: பிடி எங்க இருக்குன்னு தேடுங்க

ஒரு நாடு பயிர் வழியா தண்ணிய கன்ட்ரோல் பண்ணணும்னா கையில இருக்குற பிடிகள்: ஆதார விலையும் கொள்முதலும், மோட்டார் கரண்ட் கட்டணம், ஏற்றுமதித் தடை இல்லன்னா வரி, இறக்குமதி வரி, நடவு தேதி, பயிர் மாத்துறதுக்கு மானியம். பெரும்பாலும் இது எதுவுமே நீர்வளத் துறைகிட்ட இல்ல. உணவுத் துறை, மின்சாரத் துறை, வணிகத் துறை, நிதித் துறை ஆளுக்கு ஒண்ண வச்சிருக்காங்க. தண்ணி நியூஸ் படிக்கணும்னா நீங்க வணிகப் பக்கத்தப் படிக்கணும்.

கரண்ட் சமாச்சாரம் எல்லாருக்கும் தெரியும். பஞ்சாப்ல 1997லேருந்து, நடுவுல கொஞ்ச காலம் தவிர, விவசாய மோட்டாருக்கு ஃப்ரீ. நம்ம ஊர்ல 1990லேருந்து. ஃப்ரீயா இருக்கும்போது சுவிட்ச ஆஃப் பண்றதுக்கு காரணமே கெடையாது, ஆனா அத எடுக்குறேன்னு சொல்ற கட்சி அடுத்த எலக்‌ஷன்ல இருக்காது, அதனால இந்தப் பிடிய யாரும் தொட மாட்டாங்க. தொடாம வேலை நடக்கணும்னு போட்டதுதான் நடவு தேதிச் சட்டம்.

2009ல பஞ்சாப்ல நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, ஜூன் 10க்கு முன்னாடி நெல்லு நடக் கூடாது. மே மாச வெயில்ல வயல்ல தண்ணி கட்டி வச்சா பயிர் குடிக்கிறத விட ஆவியாப் போறது ஜாஸ்தி, பருவமழை வேற ஜூன் கடைசிலதான் அங்க எட்டிப் பாக்கும், அதனால லாஜிக் சரிதான். அப்புறம் அத ஜூன் 20 வரைக்கும் தள்ளினாங்க. நடவு தள்ளினா அறுவடையும் தள்ளுது, அறுவடை முடிஞ்சு கோதுமை விதைக்க கெடைக்கிற டைம் ரெண்டு மூணு வாரமா சுருங்குது, மெஷின்ல அறுத்தா அடித்தாள் வயல்லயே நிக்குது, அத வேகமா காலி பண்ண ஒரே வழி நெருப்பு, அந்தப் புகை அக்டோபர் கடைசி, நவம்பர்ல காத்து அசையாம நிக்கிற டெல்லில போய் உக்காருது. தாள் எரிக்கிறதுக்கு இது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆனா ஒரு முக்கியமான காரணம். 2025ல தேதிய முன்னாடி நகர்த்தி, சில மாவட்டங்கள்ல ஜூன் 1லேருந்தே நட விட்டுட்டாங்க.

ஏற்றுமதித் தடைக்கு வருவோம். 2023 ஜூலைல பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டாங்க, 2024 செப்டம்பர்ல எடுத்தாங்க. தண்ணிக்காகப் போட்டது இல்ல, உள்ளூர் விலை ஏறாம இருக்கப் போட்டது. தண்ணி மிச்சம் ஆச்சான்னு கேட்டா, எப்படி ஆகும்? ஆதார விலை அப்படியே இருக்கு, கொள்முதல் அப்படியே இருக்கு, விவசாயி அப்படியே நெல்லு போட்டார். வெளிய போகாத அரிசி குடோன்ல குமிஞ்சுது, இப்போ எஃப்.சி.ஐ அரிசி எத்தனால் ஆலைக்கும் போகுது, அதாவது அந்த நிலத்தடி நீர்ல ஒரு பங்கு கடைசில பெட்ரோல்ல கலந்து வண்டியில ஓடுது. வாசல்ல கதவ சாத்திட்டு பின்பக்கம் மோட்டார ஓட விட்டா இப்படித்தான்.

ஹரியானா 2020ல வேற மாதிரி ட்ரை பண்ணுச்சு, நெல்ல விட்டு வேற பயிருக்குப் போனா ஏக்கருக்கு 7,000 ரூபா. ஐடியா நல்லது, ஆனா அந்த வேற பயிர வாங்க ஆள் நிக்கணும், அது இல்லாம பணம் மட்டும் குடுத்தா ஒரு சீசனுக்கு மாறிட்டு அடுத்த சீசன் நெல்லுக்கே வந்துடுவாங்க.

ஸ்டெப் 8: ஒரு பயிர நிறுத்தினா தண்ணி நிக்குதான்னு செக் பண்ணுங்க (சவூதி கதை)

1970கள்ல அரபு நாடுகள் மேற்கத்திய நாடுகளுக்கு எண்ணெய்த் தடை போட்ட சமயத்துல, நாம எண்ணெய நிறுத்தினா அவங்க சாப்பாட்ட நிறுத்திட்டா என்ன பண்றதுன்னு சவூதிக்கு பயம் வந்துச்சு. பாலைவனத்துல கோதுமை போட ஆரம்பிச்சாங்க. சர்வதேச விலையப் போல பல மடங்கு குடுத்து அரசே வாங்குச்சு, ஆழ்துளைக் கிணறு, நடுவுல ஒரு தூண வச்சு சுத்தி வர்ற பாசன மெஷின், மேலேருந்து பாத்தா மணல்ல பச்சை பச்சையா வட்டம். 1990கள் ஆரம்பத்துல வருஷத்துக்கு சுமார் 40 லட்சம் டன், உலகத்துல பெரிய கோதுமை ஏற்றுமதி நாடுகள்ல ஒண்ணு! ஆறே இல்லாத நாடு. அந்தத் தண்ணி ஆயிரக்கணக்கான வருஷம் முன்னாடி பெஞ்ச மழை, பாறைக்குள்ள தேங்கினது, எடுத்தா திரும்ப ஊறாது.

2008ல முடிவு பண்ணினாங்க, கொள்முதல வருஷத்துக்கு 12.5 சதவீதமா குறைச்சு 2016ல நிறுத்துறது. பேப்பர்ல சூப்பர். ஆனா விவசாயி கையில கிணறும் மெஷினும் நிலமும் அப்படியே இருக்கே, அவங்க குதிரை மசாலுக்கு (அல்ஃபால்ஃபாங்கிற மாட்டுத் தீவனப் பயிர்) மாறிட்டாங்க. பால் பண்ணை மாட்டுக்கு டிமாண்ட் இருக்கு, கோதுமையாவது குளிர் காலத்துல மட்டும், குதிரை மசால் வருஷம் பூரா அறுக்க அறுக்க வளரும், கோதுமைய விட அதிகமா குடிக்கும். அரசு மறுபடி ஒரு முடிவு எடுத்து பசுந்தீவனத்தையும் 2018 வாக்குல கட்டுப்படுத்த வேண்டி வந்துச்சு. அப்புறம் கோதுமைய மட்டும் கொஞ்சமா திரும்ப அனுமதிச்சாங்க.

தீவனம் எங்கேருந்து வரும்? அல்மராய்ங்கிற சவூதி பால் கம்பெனி 2014ல அமெரிக்காவுல அரிசோனா பாலைவனத்துல சுமார் 10,000 ஏக்கர் வாங்குச்சு, 4.75 கோடி டாலருக்கு. அங்க குதிரை மசால் போட்டு, காய வச்சு, கட்டு கட்டி கப்பல்ல ஏத்துறாங்க. அரிசோனாவுல நிறைய கிராமப் பகுதில நிலத்தடி நீர எவ்வளவு எடுத்தாலும் கேள்வி இல்ல, தண்ணிக்குக் காசும் இல்ல. பக்கத்து ஊர்க்காரங்க கிணறு வத்துதுன்னு சத்தம் போட்டு, அது அரசியலாகி, 2023 அக்டோபர்ல அந்த மாநில கவர்னர் கேட்டி ஹாப்ஸ், பட்லர் பள்ளத்தாக்குல இருந்த அரசு நிலக் குத்தகைய ரத்து பண்றோம்னு அறிவிச்சார். சொந்தமா வாங்கின நிலம் வேற, அது இதுல வராது.

சவூதி பக்கத்துலேருந்து பாத்தா இது மறைநீர் இறக்குமதிக்கு பக்கா உதாரணம், அரிசோனாக்காரர் பக்கத்துலேருந்து பாத்தா தன் கிணத்துத் தண்ணி. இறக்குமதின்னு எழுதும்போது அந்தப் பக்கம் எந்தக் கலர் தண்ணின்னு டேபிள்ல ஒரு கட்டம் சேத்து வச்சுக்கோங்க.

ஸ்டெப் 9: கதவு சாத்துற நாள நெனச்சுப் பாருங்க

தண்ணி இல்லாத நாடு எல்லாம் தானியத்த வெளிய வாங்கிக்கலாம்னு சொல்றது கேக்க நல்லா இருக்கும். 2007-08ல இந்தியா அரிசி ஏற்றுமதிய நிறுத்த, வியட்நாமும் கட்டுப்பாடு போட, தாய்லாந்து அரிசி டன்னுக்கு 1,000 டாலர் வரைக்கும் ஏறிடுச்சு. 2010 ஆகஸ்ட்ல வறட்சின்னு ரஷ்யா கோதுமைய நிறுத்துச்சு. 2022ல உக்ரைன் போர், ஏப்ரல் கடைசில இந்தோனேசியா பாமாயிலுக்குத் தடை, மே 13 இந்தியா கோதுமைக்குத் தடை, எல்லாம் ஒரே சீசன்ல. அதனால தண்ணிய மிச்சம் பண்ணணும்னு வெளிய வாங்குற நாடு கூடவே குடோன், ரெண்டு மூணு நாட்டோட ஒப்பந்தம், கையில டாலர் மூணும் வச்சிருக்கணும். நம்ம துவரைக்கு மொசாம்பிக்கோட 2016ல போட்ட ஒப்பந்தம் இந்த மாதிரிதான், ஆனா அங்கயும் சில சீசன்ல சரக்கு துறைமுகத்துல மாட்டி நின்னுச்சு.

ஸ்டெப் 10: நீங்களே ஒண்ணு போடுங்க

எகிப்துல ஆரம்பிங்க, சுலபம், ஏன்னா அங்க தண்ணின்னா ஏறக்குறைய நைல் மட்டும்தான். 1959 ஒப்பந்தப்படி பங்கு 55.5 பி.சி.எம். வருஷத்துக்கு சுமார் 1.2 கோடி டன் கோதுமை இறக்குமதி, 1,800ஆல பெருக்கினா 21.6 பி.சி.எம், நைல் பங்குல கிட்டத்தட்ட 40 சதவீதம் கப்பல்ல வர்ற மாதிரி. இப்போ ஒரு திருத்தம் பண்ணுங்க: எகிப்து வயல்ல ஏக்கருக்கு விளைச்சல் உலக சராசரிய விட ரொம்ப ஜாஸ்தி, அதனால அங்கயே விளைவிச்சா டன்னுக்கு 1,800 ஆகாது, மிச்சமாகுறதும் 21.6 இல்ல, கம்மி. எஃப்.ஏ.ஓ டேட்டால எகிப்து விளைச்சல எடுத்து உலக சராசரியோட வகுத்து அந்த விகிதத்துல நம்பரக் குறைச்சுப் பாருங்க, கரெக்டா வராது, ஆனா சைஸ் புரியும்.

அடுத்து அவங்க நெல்லு. 2018ல நெல்லு பரப்ப பாதிக்கும் கீழ வெட்டினாங்க, மீறினா அபராதம். டெல்டா வடக்குல கடல் உப்பு மண்ணுக்குள்ள ஏறாம இருக்க நெல் வயல்ல நிக்கிற தண்ணிதான் தடுக்குதுன்னு அங்க உள்ளவங்க சொல்றாங்க, அதனால அந்தப் பக்கம் மொத்தமா நிறுத்தவும் முடியல. கடைசியா ரொட்டி: மானிய விலைல 5 பியாஸ்டருக்கு (எகிப்தோட சில்லறைக் காசு) குடுத்துட்டு இருந்த ரொட்டிய 2024 ஜூன்ல 20 பியாஸ்டர் ஆக்கினாங்க, பல பத்து வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவை. கோதுமை இறக்குமதி பில், நைல் பங்கு, நெல்லு பரப்பு, ரொட்டி விலை, நாலையும் ஒரு பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல எழுதி, ஒண்ண மாத்தினா மத்த மூணும் என்ன ஆகும்னு அம்புக்குறி போட்டுப் பாருங்க, அதுக்கப்புறம் அதே பேப்பர்ல பஞ்சாப்புக்கு ஒண்ணு போடுங்க.